ஒட்டுப் போட்ட டியூப்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மருதமுனையில் ஒரு சைக்கிள் கடையில் வைத்து இன்னொரு மனிதரிடமிருந்து எடுத்தேன். அவர் தந்தார் என்று சொன்னால் அது பொய். அவர் பாதியைத்தான் தந்தார்.

என் சைக்கிளின் பின்சில்லு காற்றுப் போய், கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நான் வாங்கில் குந்தியிருந்தேன். அப்போது அறுபது கடந்த ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பொக்கெட்டில் இரண்டு பேனை.

"பழைய டியூப் இரிக்கா தம்பி?"

"இரிக்கி காக்கா. என்னத்துக்கு?"

"கடதாசி புடிக்க."

கடைக்காரர் மூலையில் கிடந்த குவியலைக் காலால் தள்ளிவிட்டார். வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, நல்ல டியூப்களையெல்லாம் ஒதுக்கி வைத்தார்.

"இதெல்லாம் வேணாம். ஒட்டுப் போட்ட டியூபா பாத்துத் தாங்க."

ஒட்டில்லாத டியூப் தேடி அலைகிற ஊரில் இப்படி ஒருவர். எனக்கு வாயடக்கம் குறைவு. ஏன் என்று கேட்டுவிட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. "மிச்சத்த மறுகா சொல்றன்" என்று டியூப்களைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. ஒரு மாதம் அவர்மேல் கோபமாக இருந்தேன். கோபம் தீராததால் எழுத உட்கார்ந்தேன்.

[குறிப்பு: அவர் பெயரை நான் கேட்கவில்லை. நிஸாம் என்று வைத்திருக்கிறேன். என் மனைவி றஸ்னா, எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு நிஸாம் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வந்து கேட்பார்கள் என்கிறாள். வரட்டும், தேத்தண்ணி கொடுப்போம்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "அன்று விடியற்காலையிலேயே கச்சான் எழும்பிவிட்டது. தென்னைகளெல்லாம் கடலைப் பார்த்து —"

இதை நிறுத்திவிட்டேன். இந்தக் கரையில் எழுதுகிறவன் ஒன்றும் தோன்றாவிட்டால் காற்றில்தான் தொடங்குவான். நானே நாலு தரம் தொடங்கியிருக்கிறேன்.

இரண்டாவது: "ஜுனைதா துப்பாக்கியைத் தூக்கினாள்."

எழுதியதும் எனக்கே நெஞ்சு பக்கென்றது. எங்கள் நாட்டில் முதல் வரியில் துப்பாக்கி வந்தால் வாசிக்கிறவர் கடைசி வரியில் ஜனாஸாவை எதிர்பார்ப்பார். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். இது போட்டிக்குச் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. உள்ளே போவது மிளகு அளவு ஈயக் குண்டு. பத்து மீற்றருக்கு அப்பால் கடதாசியில் கறுப்பு வட்டம். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை, யாருக்கும் காயம்கூடப் படாது. நிம்மதியாக வாசியுங்கள்.

மூன்றாவது: "ஒரு தாளை ஒரு பலகையில் அசையாமல் நிறுத்துவது எப்படி?"

றஸ்னா இதை வாசித்துவிட்டு, "இத ஆரு வாசிக்கிற?" என்றாள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

ஒரு தாளை ஒரு பலகையில் அசையாமல் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி நிஸாமுக்கு வந்தது, அவர் ஓய்வுபெற்று இரண்டாவது வருடத்தில். அதற்குமுன் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக மருந்து கொடுத்தவர். ஊருக்குள் ஒரு துப்பாக்கி சுடும் கழகம் இருந்தது. நெசவுக்காக அரைச்சுவர் வைத்துக் கட்டிய நீண்ட மண்டபம் ஒன்று சும்மா கிடக்க, அதன் ஒரு தலைப்பில் மண் மூட்டை அடுக்கி, முன்னால் ஆறு பலகை நட்டு, பெண்களுக்குக் காலையும் ஆண்களுக்குப் பின்னேரமும் என்று நேரம் பிரித்திருந்தார்கள். செயலாளர் மர்சூக். அந்த வருடம் மாகாணத் தெரிவுப் போட்டியை எங்கள் ஊரில் வைக்கக் கேட்டுவிட்டு வந்தவரும் அவர்தான். கேட்டது கிடைத்தபிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது.

"காக்கா, நீங்க இந்தத் தாள் விசயத்தப் பொறுப்பெடுங்க. ஒங்களுக்குக் கை சுத்தம்."

மத்தியஸ்தராக வரவிருந்த தர்சினி, காரைதீவில் ஆசிரியை, இரண்டு வாரம் முந்தியே இடம் பார்க்க வந்தார். பலகையில் டிரோயிங் பின்களால் குத்தியிருந்த ஒரு தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். காற்று இழுத்த இழுவையில் பின் குத்திய ஓட்டைகள் நீண்டு கிழிந்திருந்தன. கடலுப்பில் துருப்பிடித்த பின்கள் தாளில் சிவப்புக் கறை வைத்திருந்தன.

"எது குண்டு ஓட்டை, எது பின் ஓட்டை எண்டு நான் தேடிக்கொண்டிருக்க ஏலாது காக்கா. இப்பிடி எண்டா இந்த இடத்தில போட்டி வைக்க நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அன்றிலிருந்து நிஸாமுக்கு வேறு வேலையில்லை. ஸ்டேப்ளர் அடித்துப் பார்த்தார். கம்பி இறுக்கமாகத்தான் பிடித்தது. ஆனால் ஒரு குண்டு கம்பியில் பட்டுத் திரும்பி வந்து மர்சூக்கின் கண்ணாடியில் கீறல் போட்டது. கோதுமை மாப்பசை காய்ச்சிப் பூசினார். தாள் பலகையோடு ஒன்றாகிவிட்டது, உரித்தால் பாதிதான் வந்தது, மிச்சத்துக்கு எறும்பு வந்தது. செலோடேப் காலையில் ஒட்டும், பத்து மணிக்கு விழும். உடுப்புக் கொடியில் போடும் பிளாஸ்டிக் கிளிப்புகளை வீட்டில் இருந்து எடுத்து வந்தார். அவை ஓரத்தைப் பிடித்தன, நடுவில் தாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. கிளிப் இல்லாத கொடியிலிருந்து மகனின் சேர்ட் பறந்து பக்கத்து வளவில் விழ, வீட்டில் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

[குறிப்பு: இந்தப் பகுதியை நான் சுருக்கியிருக்கிறேன். முதல் பிரதியில் கிளிப்புகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. மரக் கிளிப்பா பிளாஸ்டிக் கிளிப்பா என்று நிஸாமுக்கும் மர்சூக்குக்கும் ஒரு வாக்குவாதம். நல்ல வாக்குவாதம். போய்விட்டது.]

விடை வேறெங்கும் இருக்கவில்லை, அவருடைய சைக்கிளின் கரியரில் இருந்தது. அவர் தினமும் இலக்குத் தாள் கட்டைக் கரியரில் வைத்து, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் மண்டபத்துக்கு வருவார். இரண்டு கிலோமீற்றர், முகத்தில் மண்ணடிக்கிற கச்சான் காற்று, இதுவரை ஒரு தாள்கூடப் பறக்கவில்லை. ஒன்பதாவது நாள் கட்டை அவிழ்க்கும்போதுதான் கையில் இருப்பது என்னவென்று அவருக்கு உறைத்தது. கரியரைப் பிடித்தபடி தனியே நின்று சிரித்தாராம்.

டியூபை விரல் அகல வார்களாக வெட்டி, பலகைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று குறுக்கே இழுத்து மாட்டினார். உள்ளே முதலில் ஒரு பின்னட்டை, அதன்மேல் தாள். அட்டை தாளைவிட இரண்டு பக்கமும் நாலு விரல் அகலம். ரப்பர் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தது. ஓட்டையில்லை, கம்பியில்லை, பசையில்லை. தர்சினியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டீச்சர், இனி இந்தத் தாள்ல குண்டு போட்ட ஓட்டையத் தவிர வேற ஓட்டை இரிக்காது."

தர்சினி ரப்பர் பட்ட இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். "கறுப்புப் படுகுதே காக்கா. அட்டையிலயும் கோடு விழுந்திரிக்கு."

"கறுப்புப் படும் டீச்சர். ஓட்டை படாது."

தர்சினி சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். நிஸாமின் அந்த வாக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொய்யாக்கப் போகிறவர் அவரேதான்.

4

இனி ஜுனைதா. இவளை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. துப்பாக்கி பிடிக்கிற பெண் என்றதும் என் பேனை அவளைப் பெரிய வீராங்கனையாக்கப் பார்த்தது. "அவள் கண்களில் ஒரு —" என்று எழுதிவிட்டு வெட்டினேன். சைக்கிள் கடை மனிதர் சொன்ன ஜுனைதா அப்படியில்லை.

இருபத்தெட்டு வயது. முன்பள்ளி ஆசிரியை. நிஸாமுடைய தங்கச்சியின் மகள். கணவர் கட்டாரில். நாலு வருடமாகச் சுடுகிறாள். இரண்டு தரம் மாகாணத் தெரிவுக்குப் போய் இரண்டு தரமும் ஒன்றிரண்டு புள்ளியில் தவறவிட்டவள். வீட்டில் யாரும் அவளை மறிக்கவில்லை. மறித்திருந்தால் சண்டை பிடித்துத் தொடர்ந்திருப்பாள். சோர்வு அவளுக்குள்ளேயே வந்துவிட்டது. போட்டிக்கு முந்திய கிழமை உம்மாவிடமும் மாமாவிடமும் அவளே சொன்னாள்.

"இந்த முறையும் இல்லாட்டி விட்டுருவன். புள்ளையளுக்குப் படங்கீறிக் குடுத்துட்டு இரிப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நிஸாமுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால் செய்கிற பிள்ளை என்று அவருக்குத் தெரியும்.

5

போட்டி நாள். இங்கே ஒரு ஆணி வருகிறது.

டிஸ்பென்சருக்கு ஒரு ஆணி உண்டு. சதுரக் கட்டையில் நிமிர்ந்து நிற்கும் நீண்ட ஆணி. மருந்து கொடுத்து முடிந்ததும் டாக்டர் எழுதிய துண்டை அதில் குத்திவிட வேண்டும். குத்திய துண்டு முடிந்த துண்டு. ஓரத்தில் குத்தினால் தொங்கிக் கிழியும், ஆகவே சரியாக நடுவில். முப்பத்தொரு வருடம், ஒரு நாளைக்கு முந்நூறு துண்டு. ஓய்வுபெற்ற அன்று கந்தோர்காரர்கள் கேக் வெட்டி, ஒரு மணிக்கூடு கொடுத்து அனுப்பினார்கள். ஆணியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று அந்த ஆணி மண்டபத்து மேசையில் இருந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. சுட வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர்த் துண்டு. சுட்டு முடிந்ததும் நிஸாம் பலகைக்குப் போய், ரப்பரைத் தளர்த்தி, அட்டையைக் கீழே போட்டு, தாளைக் கொண்டுவருவார். பெயர்த் துண்டோடு ஒத்துப் பார்த்து, துண்டை ஆணியில் குத்தி, தாளைத் தர்சினியின் மேசைக்கு அனுப்புவார். தாளில் எங்கே ஓட்டை என்று பார்க்க மாட்டார். மருந்துத் துண்டில் அடுத்தவரின் நோயை வாசிக்காத பழக்கம்.

கடைசிச் சுற்று. மாகாண அணிக்குப் பெண்களில் ஓரிடம்தான் மிச்சம். திருகோணமலைப் பெண் ஒருவர் சுட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். ஜுனைதா மூன்றாம் பலகையில் கடைசித் தாளுக்கு ஐந்து குண்டும் சுட்டு முடித்தாள். நிஸாம் போய்த் தாளை எடுத்து வந்தார். மருமகளின் தாள் என்பதால் வழமையைவிடக் கவனமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இடக்கையில் பெயர்த் துண்டு, வலக்கையில் தாள். பெயர் சரி. எல்லாம் முடிந்தது என்று மனம் சொன்னது. கை தூக்கி —

துண்டையும் தாளையும் ஒன்றாக வைத்து ஆணியில் குத்தினார். சரியாக நடுவில்.

(இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். நம்ப முடியவில்லை. இவ்வளவு கவனமான ஒருவர் இப்படிச் செய்வாரா? சோம்பேறி ஒருவரை வைத்து எழுதினால் இலகுவாக இருக்குமே என்று நிஸாமைச் சோம்பேறியாக்கியும் பார்த்தேன். சரிவரவில்லை. சோம்பேறி குத்தியிருக்க மாட்டார், மேசையில் போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் தபால் கந்தோரில் இருந்தவன். இன்றைக்கும் கலியாணக் காட் ஒன்று கைக்கு வந்தால் யாருடைய கலியாணம் என்று பார்க்கும் முன்னம் முத்திரை சரியா என்று பார்க்கிறேன். பிறகுதான் நிஸாமை நம்பினேன்.)

குத்திய சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மெதுவாகத் தாளை ஆணியிலிருந்து கழற்றினார். முதல் தடவையாக அதைப் பார்த்தார். ஐந்து ஓட்டை. நாலு ஓட்டை கறுப்புக்குள் அங்குமிங்கும். ஐந்தாவது நட்டநடுவில், பத்துப் புள்ளி வட்டத்துக்குள். ஆணி போன வழியும் அதுதான்.

அங்கே முன்பே குண்டு போட்ட ஓட்டை இருந்து, அதற்குள் ஆணி புகுந்ததா? அல்லது குண்டு தாளையே தொடாமல் எங்கோ போக, ஓட்டையை ஆணிதான் போட்டதா? குண்டு போட்டதென்றால் ஜுனைதா திருகோணமலைப் பெண்ணைவிட இரண்டு புள்ளி முன்னுக்கு. ஆணி போட்டதென்றால் எட்டுப் புள்ளி பின்னுக்கு.

யாரும் பார்க்கவில்லை. மர்சூக் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். தர்சினி முந்திய தாளில் குனிந்திருந்தார்.

6

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது. நான் முதலில் பிழையான பக்கம் போனேன்.

மூன்று பிரதிகளில் நிஸாம் வாயைத் திறக்கவில்லை. தாளைக் கொண்டுபோய் வைக்கிறார், தர்சினி பத்து என்று எழுதுகிறார், ஜுனைதா அணிக்குத் தெரிவாகிறாள், வீட்டில் புரியாணி, நிஸாமுக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சோற்றுக் கோப்பையை அவர் விரலால் அளைந்துகொண்டிருக்கிற இடத்தை நன்றாகவே எழுதியிருந்தேன். றஸ்னாவிடம் கொடுத்தேன். கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டே வாசித்தாள்.

"இவரு ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்லயா?"

"இல்ல. கடைசி வரைக்கும் சொல்லல்ல."

"சொல்லாத மனிசன், சைக்கிள் கடையில முகம் தெரியாத ஒங்களுக்கிட்ட எப்புடிச் சொன்னாரு?"

தாள்களைத் திருப்பித் தந்துவிட்டுத் தேங்காயைத் தொடர்ந்தாள். மூன்று பிரதி, நாற்பது பக்கம். புரியாணியும் போய்விட்டது.

ஆகவே நடந்தது இதுதான். நிஸாம் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தர்சினியிடம் போனார்.

"டீச்சர், ஒரு பிழை நடந்து போச்சு. நான் இந்தத் தாள ஆணில குத்திட்டன்."

மர்சூக் ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தி, "காக்கா, சும்மா இரிங்க. டீச்சர் இன்னும் பாக்கல்லயே."

"அதுக்குத்தான் இப்ப சொல்றன் மர்சூக். மருந்து மாறிப் போனா, ஆள் கவுண்டரத் தாண்ட முதல் சொல்லோணும். வீட்ட போய்க் குடிச்ச பொறகு சொல்லி என்னத்துக்கு?"

ஜுனைதா துப்பாக்கிப் பையோடு அப்படியே நின்றாள். நிஸாம் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

"நடுவுலயா குத்தினீங்க மாமா?"

"நடுவுலதான் புள்ள."

"கடைசிக் குண்டு எங்க போச்செண்டு எனக்குத் தெரியா மாமா. கண்ணுக்குள்ள வேர்வ. விசைய அமத்தின பொறகுதான் கண்ணத் தொறந்த."

பட்டதென்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நிஸாமுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமாவும் மருமகளும் பொய் சொல்லத் தெரியாத ஒரே குடும்பம். அவருக்கு அழுகை வந்தது, அதோடு சேர்ந்து ஒரு பெருமையும் வந்தது.

7

தர்சினி பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஈயக் குண்டு போன ஓட்டையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். இந்த ஓட்டையின் விளிம்பை ஆணி கிழித்துத் துடைத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"தாளை வச்சுச் சொல்லேலாது. பின்னட்டை எங்க?"

பின்னட்டை. அதை ஆணி தொடவில்லை. சுற்றுக்குச் சுற்று புதிய அட்டை என்பது தர்சினியின் கட்டளை, அதையும் செய்திருந்தார்கள். ஆகவே ஜுனைதாவின் கடைசி ஐந்து குண்டும் எந்த அட்டையைத் துளைத்ததோ, அந்த அட்டையில் உண்மை இருந்தது. ஆனால் அட்டைகளில் பெயரும் இலக்கமும் எழுத வேண்டியவர் மர்சூக். அவர் பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டார். மண் மூட்டைகளின் அடியில் முப்பது அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, காற்றில் சரிந்து கலைந்து கிடந்தன. மருந்துப் பெட்டிகளை வெட்டி எடுத்த, ஒன்றைப்போல் மற்றது இருக்கிற அட்டைகள்.

மர்சூக் தலையில் கை வைத்துக்கொண்டார். திருகோணமலைப் பெண், பாவம், அவரும் எழும்பி வந்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

நிஸாம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல் ஓரத்தில் ரப்பர் வைத்த கறுப்புக் கோடு. கோடு தாளின் வலது விளிம்புக்கு வரும் இடத்தில் ஒரு முட்டை வடிவம். பாதி முட்டை. மீதிப் பாதி தாளுக்கு வெளியே எதிலோ விழுந்திருக்க வேண்டும்.

"மூணாம் பலகை வாரு ஒட்டுப் போட்டது" என்றார். "நல்ல டியூப் முடிஞ்சு போச்செண்டு என்ட பழைய டியூப வெட்டினன். பஞ்சர் ஒட்டுன எடம். மத்தப் பாதி அட்டையில இரிக்கோணும்."

முப்பது அட்டையில் பாதி முட்டை இருந்தவை ஐந்து. இரண்டில் முட்டை இடது பக்கம், வாரைத் திருப்பி மாட்டிய சுற்றுகள். மூன்று மிச்சம். ஓட்டையைப் பார்த்துத் தேடினால் ஆசைப்பட்ட அட்டைதான் கிடைக்கும், கோட்டை மட்டும் பாருங்கள் என்று சொல்லி, தர்சினி அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிஸாம் ரப்பரைக் கையால்தான் இழுத்து மாட்டினார். ஒரு தடவை இருந்த சாய்வு மறு தடவை இருக்காது. தாளை அட்டைமேல் வைத்தால், கோடும் கோடும், முட்டையும் முட்டையும் சேர வேண்டும்.

முதல் அட்டையில் கோடு சேரவில்லை. இரண்டாவது அட்டையில் மேல்கோடு சேர்ந்தது. ஜுனைதா மேசைக்குக் கிட்ட வந்தாள். கீழ்க்கோடு ஒரு விரல் தள்ளி நின்றது.

மூன்றாவது அட்டை. தாளை வைத்துக் கொஞ்சம் நகர்த்தினார் தர்சினி. மேலே சேர்ந்தது. கீழே சேர்ந்தது. அரை முட்டையும் அரை முட்டையும் கூடி முழு முட்டையானது. இதுதான் ஜுனைதாவின் அட்டை, சந்தேகமில்லை. இப்போது தாள் அட்டையை மூடிக்கொண்டிருக்கிறது. தாளைத் தூக்கி எண்ணினால், அடியில் ஐந்து ஓட்டையா நாலு ஓட்டையா என்று தெரிந்துவிடும்.

தர்சினி தாளின் நுனியைப் பிடித்தார்.

சைக்கிள் கடையில் அஸருக்குப் பாங்கு சொன்னது.

8

என் கோபம் இப்போது உங்களுக்கும் விளங்கும்.

நாலு ஓட்டை என்று வைத்து ஒரு முடிவு எழுதினேன். ஜுனைதா துப்பாக்கியைப் பைக்குள் வைத்து சிப்பை இழுக்கிறாள். "பரவாயில்ல மாமா" என்கிறாள். இருவரும் ஒரே சைக்கிளில் —

நன்றாக வந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். சோகம் எனக்கு எப்போதும் சுலபமாக வரும், பாதித் தூக்கத்திலும் எழுதுவேன்.

ஐந்து ஓட்டை என்று வைத்து இன்னொன்று எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள், மர்சூக் துள்ளினார், தொலைக்காட்சியில் பால்மா விளம்பரம் போல இருந்தது. கிழித்தேன்.

சரி, முடிவே வேண்டாம், தாளின் நுனியிலேயே நிறுத்திவிடுவோம், வாசிக்கிறவர் என்னைத் திட்டட்டும் என்று தீர்மானித்தேன். அதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கலாமென்று நேற்றுக் காலை முதலாம் பகுதியை எடுத்தேன். அவர் கடைக்கு வருகிற இடம். டியூப்களைத் தடவிப் பார்க்கிற இடம். நல்லதையெல்லாம் ஒதுக்குகிற இடம்.

பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அட்டையில் நாலு ஓட்டை இருந்திருந்தால், அந்த மனிதர் வாழ்நாளில் இன்னொரு டியூபைத் தொட்டிருப்பாரா? மருமகள் துப்பாக்கியை விட்டிருந்தால் அவருக்குக் கடதாசி பிடிக்க என்ன தேவை? அப்படியே தேவைப்பட்டாலும், கடை முழுக்க நல்ல டியூப் கிடக்க, ஒட்டுப் போட்டதாகத் தேடி எடுப்பாரா? ஒட்டு அவருக்கு நல்லது செய்திருக்கிறது. இனி ஆறு பலகைக்கும் ஒட்டு வேண்டும் என்று வந்திருக்கிறார். முடிவை அவர் சொல்லாமல் போகவில்லை. முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். நான்தான் அதைச் சும்மா வேடிக்கையாக எழுதிவைத்துவிட்டு, இரண்டு மாதம் முடிவைத் தேடியிருக்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அறையை விட்டு வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். றஸ்னா என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "என்ன, ஆரும் மௌத்தா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "அஞ்சு."

"என்ன அஞ்சு?"

"ஓட்டை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கதையை எவ்வளவு வேண்டாவெறுப்பாக வாசிக்கிறவள், அந்தச் சொல்லை எவ்வளவு ஆறுதலாகச் சொன்னாள்.

9

ஆனாலும் அந்தத் தாளை நான் தூக்கப்போவதில்லை. எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தூக்கிய நேரம் ஜுனைதா என்ன சொன்னாள், நிஸாம் எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார், திருகோணமலைப் பெண் முதலில் கை கொடுத்தாரா, மர்சூக் அந்த ஆணியை எங்கே கொண்டுபோய் ஒளித்தார், இதெல்லாம் எனக்குத் தெரியாது. பால்மா விளம்பரம் எழுதுகிற கைக்கு அது வராது. உங்களுக்கு வரலாம். இடம் விட்டிருக்கிறேன்.

தர்சினி தாளைத் தூக்கினார். ........................................

........................................................................

எழுதி முடித்த தாளை ஆணியில் மட்டும் குத்திவிடாதீர்கள். காற்றுக்குப் பறக்குமென்று பயமிருந்தால் ஒரு துண்டு டியூப் போதும். ஒட்டுப் போட்டதாகப் பார்த்து எடுங்கள்.